வெளியே காட்டாது

கணவர் ஞானசேகர் ஒதுக்கிப்போட்ட லேப்டாப்பில், வீடியோ பார்த்துப் பார்த்து லினக்ஸ் போட்டிருந்தாள் பூங்கோதை. பிளவுஸ் டிசைன் வரையும் மென்பொருளை ஏற்றப்போனால் பாஸ்வேர்டு கேட்டது. அடித்தாள். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை. “ஏங்க, கீபோர்டு வேலை செய்யல போல.” அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அது அப்படித்தான். வெளிய காட்டாது. உள்ள போயிக்கிட்டுதான் இருக்கும், நீ பாட்டுக்கு அடி.” இத்தனை வருடமும் அந்த முகத்திடம் அவள் அப்படி நம்பித்தான் பேசிக்கொண்டிருந்தாள். என்டரைத் தட்டினாள். ‘மன்னிக்கவும், மீண்டும் முயலவும்’ என்று வந்தது. மன்னிக்கவும். இந்த வீட்டில் அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொன்னதில்லை. எங்கே பிசகியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, கடைசி எழுத்துதான். இந்த முறை வேண்டுமென்றே தப்பாக அடித்தாள்.