மூணாம் நம்பருக்கு மட்டும் ஏச்சு

"ஏட்டி மூணு! துடுப்புப் போடுதியா, மோர் கடையுதியா?"

மாரிச்செல்வியின் குரல் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாயின் அக்கரை வரைக்கும் கேட்டது. கரையில் தூண்டில் போட்டிருந்தவர்கூட ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூணு என்றால் இந்து. பல்கலைக்கழகப் பெண்கள் படகு அணியில் மூன்றாவது இருக்கைக்காரி. துடுப்பு வலிக்கிற நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து உட்கார்ந்து, வழி பார்த்து, சுக்கான் பிடித்து, தாளம் சொல்கிறவள் காக்ஸ். ஐந்தடிகூட இல்லாத மாரிச்செல்விக்கு அந்த வேலை.

"அதத் துடுப்புன்னு யாருட்டி சொன்னா? கொண்டுபோயி செவுத்துக்குச் சுண்ணாம்பு அடி, போ!"

கேப்டன் ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அணிக்கு ஒரு மரபு உண்டு. படகு தண்ணீரில் இருக்கும்வரை காக்ஸைத் தவிர யாரும் வாயைத் திறக்கக்கூடாது, கேப்டனே ஆனாலும். பல்லைக் கடித்துக்கொண்டு வலித்தாள்.

கரையில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"மாரி, இங்க வா. நாங்களுந்தான் தப்புப் பண்ணுதோம். இந்துவ மட்டும் ஏன் இம்புட்டு ஏசுத?"

மாரிச்செல்வி இந்துவைப் பார்த்தாள். இந்து குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வேகம் வரணும்லக்கா."

"வேகமா? வாய் பேசாத பிள்ளன்னு ஏறி மிதிக்க. நாளைக்கு நீ படகுல ஏற வேண்டாம். ஷெரின் காக்ஸா உக்காரட்டும்."

மாரிச்செல்விக்கு முகம் சுண்டிப்போனது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லி, கழுத்தில் கிடந்த மைக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, வந்து..." என்று இழுத்தாள் இந்து.

"நீ ஒண்ணும் பயப்படாத. உனக்காகத்தான் செய்யுதேன்."

அன்றைக்கு ஹாஸ்டல் சப்பாத்திகூட ஹெப்சிபாவுக்கு ருசித்தது. நியாயம் செய்த திருப்தி!

மறுநாள் சட்டைப் போட்டி. கண்மாய் நிறைந்த வருஷமெல்லாம் தை மாசத்தில் நடக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு படகு, மூத்தவர்கள் ஒரு படகு. தோற்றவர்கள் அங்கேயே அணிச் சட்டையைக் கழற்றி ஜெயித்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இதுவரை ஒரு மூத்தவளும் சட்டை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

அணியின் மாற்று ஆளான ஷெரின், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். குரலில் தேன் சொட்டியது.

"இந்துச் செல்லம், அவசரமே இல்ல. அழகா வலி. சூப்பர்டா தங்கம்!"

படகு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. நடுக் கண்மாய் வந்தது. ஹெப்சிபாவுக்கு முன்னால் இருந்த இந்துவின் முதுகு திடீரென்று விறைத்தது. துடுப்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டது.

"பரவால்லடா கண்ணு, நிதானமா..."

முதுகு இன்னும் விறைத்தது. படகு அரை வட்டம் அடித்து, ஆகாயத் தாமரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. முதலாம் ஆண்டுப் படகு பக்கத்தில் தாண்டிப் போனது. அதில் ஒருத்தி டாட்டா வேறு காட்டினாள்.

கரையில், உள்ளே போட்டிருந்த பழைய டீஷர்ட்டோடு நின்றாள் ஹெப்சிபா. அவளுடைய அணிச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள் முதலாம் ஆண்டு நாகஜோதி.

"துவைச்சுத் தர மாட்டீங்களாக்கா?"

ஹெப்சிபா பதில் சொல்வதற்குள் இந்து ஓவென்று அழுதுவிட்டாள்.

"எனக்குத் தண்ணின்னா பயம்க்கா!"

"என்னட்டி சொல்லுத? நீச்சல் டெஸ்ட்டுல பாஸ் பண்ணுனியே?"

"நீச்சல் குளத்துல தரை தெரியும்க்கா. இங்க தெரியல. எங்க ஆலங்குளத்துல பேருல மட்டுந்தான குளம் இருக்கு!"

"பொறவு எதுக்கு டீமுக்கு வந்த?"

"ஜிம்முல துடுப்பு மெஷின்ல நாந்தான ஃபர்ஸ்ட்டு? ஆசையா இருந்துச்சு. ஆனா நடுத்தண்ணிக்குப் போனா கையி மரத்துப் போகுது. கோவம் வந்தா மட்டும் பயம் மறந்துருது. சொன்னா டீமுல இருந்து எடுத்துருவீங்கன்னு மாரிகிட்ட மட்டும் சொன்னேன். என்னைய நல்லா ஏசு, ஏன்னு யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"அப்ப நேத்து நான் அவள அம்புட்டுப் பேசுனப்ப, நீ ஏன்ட்டி வாயத் திறக்கல?"

"அதான் நான் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்லக்கா..."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நேற்று ருசித்த சப்பாத்தி இப்போது நெஞ்சில் நின்றது.

மாரிச்செல்வி படகு நிறுத்துமிடத்தில் தனியாக உட்கார்ந்து, ஈரத் துடுப்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தான் ஏறாத படகின் துடுப்புகள். ஹெப்சிபா இந்துவையும் கூட்டிக்கொண்டு போய், மாரியின் கழுத்தில் மைக்கை மாட்டிவிட்டாள்.

"என்னைய மன்னிச்சிரு மாரி. நாளையில இருந்து எனக்கும் சேத்து ஏசு. நல்லா நாக்கப் பிடுங்குற மாதிரி ஏசு."

மாரிச்செல்வி பதறிப்போனாள்.

"ஐயய்யோ, எனக்கு அதெல்லாம் வராதுக்கா! ஏச்சு அம்புட்டையும் இவதான் ராத்திரி எழுதி வாட்ஸ்அப்புல அனுப்புவா. அதுலயும் பாதிய நான் முழுங்கிருவேன்... மனசு கேக்காது."