ஏழாவது தங்கை

"மேடம், தங்கச்சி பிரசவ வார்டுல கெடக்குதுங்க. சட்டுன்னு எடுத்துக்கங்க!"

ரத்த வங்கி வாசலில் நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். ஒரு மஞ்சள் பையை மட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சட்டைக்குள் செருகி, ஒரு சொட்டு படாமல் கொண்டுவந்திருந்தான்.

ஸ்டெஃபி படிவத்தை நீட்டினாள். அவள் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

"பேர் என்னங்க தம்பி?"

"குருங்க. ஓ நெகட்டிவ். ஏரியூர் கலைமதிக்குத்தான்."

நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அண்ணன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தான். ஸ்டெஃபி மேற்கொண்டு எதையும் படிக்கவில்லை. வார்டிலிருந்து டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். குளிர்பெட்டியில் அந்த வகை ரத்தம் ஒரு பை கூட இல்லை. சேலத்தில் கேட்டு வரவழைப்பதற்குள் கலைமதிக்கு என்ன வேண்டுமானாலும் ஆகிவிடலாம்.

விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீல மருந்தில் விட்டாள்.

"இது கீழ எறங்குனாத்தான் எடுக்க முடியும். மெதந்தா உங்க ஒடம்புலயே ரத்தம் பத்தலன்னு அர்த்தம்."

சிவப்புச் சொட்டு நீலத்தின் நடுவே நின்றது. போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல மெல்லச் சுழன்றது.

"எறங்கு கண்ணு, எறங்கு" என்று கண்ணாடிக் குப்பியோடு கெஞ்சினான் குரு.

அது இறங்கியது. ஸ்டெஃபிக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அவன் கட்டிலில் படுத்தான். ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது. ரத்தப் பையைச் சுமந்த சின்ன இயந்திரம் இப்படியும் அப்படியுமாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கண் சொக்கிவிடும்.

"தொட்டிலாட்டம் ஆடுதுங்க" என்றான், பாதித் தூக்கத்தில் பேசுகிறவனைப் போல.

"பையில என்ன, அவ்ளோ பத்திரமா?"

"பட்டுச் சட்டைங்க. ஞாயித்துக்கெழம தீர்த்தமலையில மருமவனுக்குக் காது குத்து. இண்டூர்த் தங்கச்சி பையன். தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணுமாம். பொடியன் கத்தி ஊரையே கூட்டிருவான்!"

"உங்களுக்கு எத்தனை தங்கச்சிங்க?"

"இதோட ஏழுங்க."

ஸ்டெஃபி வாய்விட்டுச் சிரித்தாள். "ஏழா? இந்தக் காலத்துலயா? உங்கம்மா பாவம்!"

அவனும் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆமாங்க. பாவந்தான்."

மழையைப் பார்த்தபடி அவனே தொடர்ந்தான்.

"கண்ணை மூடுனா ஏழு வூட்டுக் கதவும் ஒண்ணாத் தொறக்குற மாதிரி இருக்குமுங்க. எல்லா வூட்லருந்தும் புள்ளைங்க 'மாமா'ன்னு ஓடியாரும். ஊசி குத்துனதே தெரியாது."

ஸ்டெஃபிக்குத் தன் அண்ணன் ஜோ நினைவுக்கு வந்தான். ஓசூரில் கம்பெனி வேலை. அவள் பிரசவத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியதோடு சரி. இப்படி ஒருவன் தனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக் கூட இருந்தது.

பஞ்சு வைத்து ஒட்டியதும் ஜூஸைக் குடித்துவிட்டு எழுந்தான்.

"வார்டுக்குப் போய்த் தங்கச்சியைப் பாக்கலயா?"

"இப்ப வேணாங்க. நல்லபடியாக் கண்ணு முழிக்கட்டும். கீழதான் நிக்கறேன், மழை வுட்டதும் கெளம்பிருவேன்."

மழை சாயங்காலம்தான் விட்டது. கலைமதியின் கணவன் மாது மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க மேடம்! ஆத்தாளும் புள்ளையும் நல்லாருக்காங்க. ரத்தம் குடுத்த மவராசன் யாருங்க?"

"வேற யாரு? உங்க மச்சான்தான்."

மாது விழித்தான். "மச்சானா? எம்பொண்டாட்டி ஒத்தப் புள்ளைங்க. கூடப் பொறந்தவங்க யாருமே இல்லீங்களே!"

ஸ்டெஃபி பதறிப்போய்ப் படிவத்தை எடுத்தாள். அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டு இடமும் வெறுமையாக இருந்தன.

"நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன்" என்றாள், மாதுவின் பின்னாலேயே வந்து நின்ற மூத்த நர்ஸ் சகாயராணி. "யாருக்குன்னாலும் குடுப்பான். அண்ணன் தம்பி இல்லாத பொண்ணுன்னா மட்டும் 'எனக்கு மொதல்ல சொல்லுங்க சிஸ்டர்'னு கேட்டு வெச்சிருக்கான்."

"அப்ப அந்த ஏழு தங்கச்சி?"

"எல்லாம் இங்க பிரசவத்துக்கு வந்து, இவன் ரத்தத்துல பொழச்சவங்கதான்."

சகாயராணி ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் தகரக் கூரையின் கீழே, வளர்க்க முடியாதவர்கள் குழந்தையைப் போட்டுவிட்டுப் போவதற்கென்று வைத்த அரசாங்கத் தொட்டில். அதை ஒற்றைக் கையால் மெல்ல ஆட்டியபடி குரு நின்றுகொண்டிருந்தான்.

"இருவத்து மூணு வருசத்துக்கு முன்ன, இதே மாதிரி ஒரு மழையில, அந்தத் தொட்டில்லருந்து அவனைத் தூக்குனது நான்தான்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாது படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான்! போயிராதீங்க மச்சான், மருமவளைப் பாக்க வேணாமா?"