காட்டுப்பூனைத் தோட்டா

"யோசிச்சுக்க லயல். துப்பாக்கியோட தோட்டா அறையை ஒரு தடவை பெருசாக் கடைஞ்சிட்டா பழையபடி ஆக்க முடியாது," என்றேன்.

மொன்டானாவில் எல்க் மான் வேட்டை தொடங்க ஒரு மாதம் இருந்தது. லயல் தன் ரைஃபிளை என் துப்பாக்கிப் பட்டறை மேசையில் கிடத்திவிட்டு, மூன்றாவது நாளாக வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இதுக்குப் பெட்ரோல் பங்க்ல கூடத் தோட்டா கிடைக்குது. கடைஞ்சப்புறம் அது இதுல பொருந்தாது. நீ கேக்குற 'காட்டுப்பூனை' ரகத் தோட்டாவை எந்தக் கம்பெனியும் செய்யறதில்ல. ஒவ்வொண்ணா நீயேதான் வீட்ல உக்காந்து செய்யணும்."

"எந்தக் கடையிலயும் கிடைக்காதுல்ல?"

"கிடைக்காது."

"அப்ப கடைஞ்சிடு."

பத்து நாள் கழித்து வந்தவன் ரைஃபிளை மார்போடு அணைத்துக்கொண்டான். காரணத்தை அப்போதுதான் சொன்னான்.

"என் பொண்டாட்டியோட தம்பி வெண்டல், வருஷா வருஷம் இதை இரவல் வாங்கிட்டுப் போயிடறான். அவ முன்னால மாட்டேன்னு சொல்ல முடியல. இனிமே தோட்டாவுக்கு எங்க போவான்?"

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.



"வெண்டல்கிட்ட சொந்தமா ஒரு ரைஃபிள் இருக்கு, தெரியுமா?"

"அப்புறம் ஏன் என்னோடதைக் கேக்குறான்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னால, இதே காட்டுப்பூனைத் தோட்டாவுக்கு நான்தான் அதைக் கடைஞ்சு கொடுத்தேன். தோட்டா செய்யச் சோம்பல். பீரோவுல போட்டு வச்சிருக்கான்."

லயலின் முகம் மாறியது. நான் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து அவன் முன் வைத்தேன்.

"நேத்து உன் ரைஃபிளும் அதே தோட்டாவுக்கு மாறினதை இங்க பாத்துட்டு, நாப்பது காலித் தோட்டாக்கூடு கொடுத்துட்டுப் போனான். மாமா தனக்குச் செய்யும்போது இதையும் சேத்துச் செஞ்சிடட்டும்னான்."