இரண்டாவது ஒப்புதல்

பார்வையற்றோருக்குத் தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளை ஹஸனும் ராபர்ட்டும் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார்கள். ஒருவர் திருத்தினால் மற்றவர் ஒப்புதல் தர வேண்டும். ராபர்ட் போன மாதம் இறந்துவிட்டான். மென்பொருளில் இப்போது ஒரு பழுது; இன்று மாலைக்குள் அது நீங்காவிட்டால், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் தொகுப்பிலிருந்து மென்பொருளையே தூக்கிவிடுவார்கள். ராயப்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து திருத்திய ஹஸன், பழக்கதோஷத்தில் ஒப்புதலுக்கு ராபர்ட்டின் பெயருக்கே அனுப்பிவிட்டான்.

டீ ஆறுவதற்குள் ராபர்ட்டின் பெயரிலிருந்தே பதில் வந்தது: “பதினேழாவது வரி சொதப்பல் மச்சி. நானே சரி பண்ணிட்டேன். ஓகே.”

ஹஸன் ராபர்ட்டின் மனைவி ஜாஸ்மினுக்குப் போன் போட்டான். “அவன் லேப்டாப்ப யாருனா எடுத்தாங்களாம்மா?”

“அத்த அவரு பொட்டியிலயே வச்சிப் பொதச்சிட்டோமேண்ணா. அது இல்லாம தூங்கமாட்டாரே.”

ஹஸன் பதிலைப் படித்துக் காட்டினான்.

“அண்ணா, சார்ஜரு இங்கதான கீது,” என்றாள். “பேட்டரி எவ்ளோ நாள் தாங்கும்?”