மேஸ்திரியின் சட்டை

ராமநாதபுரத்தில், நெஞ்சக மருத்துவரின் எதிரே வீரபத்திரன் மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தார். மனைவி முருகலட்சுமி எக்ஸ்ரே உறையோடு பின்னால் நின்றாள். டாக்டர் கேட்டால் பதில் சொல்வது ஆம்பளை வேலை என்பது அவர் கட்சி.

“ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டதுண்டா?”

“என்ன இப்பிடிக் கேட்டுட்டீக? பாம்பன்லருந்து திருப்புல்லாணி வரைக்கும் முப்பது வருசமா கூரை போட்டது இந்தக் கைதான். ஆஸ்பெஸ்டாஸ அறுத்துட்டு வந்தா, உடம்பெல்லாம் திருநீறு பூசுன பண்டாரம் மாதிரி இருப்பேன்.”

“மூக்குல துணி கட்டிக்கிடுவீங்களா?”

“மூக்கக் கட்டுறவன் மேஸ்திரியா டாக்டர்?”

“அந்தச் சட்டை?”

“தெனமும் இவதான் உதறு உதறுன்னு உதறித் தொவைப்பா. நம்ம சட்டை பளிச்சுன்னு இருக்கணும்.”

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

“நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு. அந்தத் தூசியால வர்ற புற்றுநோயாவும் இருக்கலாம். சதை எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். மொதல்ல நீங்க எந்திரிங்க.”

“எதுக்கு?”

“நோயாளி உக்காரணும்.”

மேஸ்திரி எழுந்தார். முருகலட்சுமி இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். மூச்சு திரும்பியதும் கணவரைப் பார்த்தாள்.

“இனிமே ஒங்க சட்டைய நீங்களே தொவச்சுக்கங்க,” என்றாள். “உதறாம, நனைச்சுத் தொவைங்க.”