ஒன்பதாவது ஜன்னல்

வெள்ளிக்கிழமை என்பதால் வக்கார் அகமது வேலை பார்க்கும் ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்கு வார விடுமுறை. ஜும்மா தொழுகைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்து, டிவியில் பழைய கார்ட்டூன் பார்க்கிறார். கழுதை ஒன்று ஓடுகிறது. அதன் பின்னால் அதே நீல ஜன்னல், அதே பூந்தொட்டி திரும்பத் திரும்பக் கடந்துபோகின்றன. தோலைத் தடவித் தரம் பிரிக்கிறவர் அவர். ஒரு தோல் போல இன்னொன்று அவர் கையில் வந்ததே இல்லை. வரைந்ததையே மறுபடி ஓட்டும் இந்த ஸ்டூடியோ அவருக்கு ஆகாது. எல்லாவற்றையும் புதிதாக வரையும் இன்னொரு ஸ்டூடியோதான் பிடிக்கும். வீட்டில் இருந்தவரை மகள் அஃப்ஷா இதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "படம் கம்மியா இருந்தா இன்னாப்பா, பேச்சுல இவங்கதான் டாப்பு" என்று அவர் தோளில் தட்டித்தட்டி ஜன்னல்களை எண்ணுவாள். இப்போது பெங்களூரில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஞாயிறு விடுமுறை. அன்று இவருக்கு வேலை நாள். கழுதை நின்றதும் கைபேசியை வாயருகே பிடித்துக் குரல் பதிவு செய்கிறார். "அஃப்ஷா, ஜன்னல் ஒம்போது வாட்டி வந்துச்சும்மா." அனுப்பிவிட்டுத் திரையைப் பார்க்கிறார். மேலே, போன வெள்ளி அனுப்பியது; அதற்கும் மேலே முந்தைய வெள்ளி அனுப்பியது. ஒவ்வொன்றின் கீழும் அவள் பதிலாக வைத்த அதே மஞ்சள் கட்டைவிரல்.