ஸ்ட்ராஹில் அனுப்பிய சோதனை

ஸ்ட்ராஹில் அனுப்பிய நிரலில் ஒரு தப்பு இருந்தது. திறந்ததுமே, அவனோடு வேலை செய்யும் ரலிட்சாவின் கண்ணில் பட்டுவிட்டது.

படாமலே போயிருக்கலாம் என்று நினைத்தாள்.

பக்கவாதம் வந்து விழுந்த பிறகு அவன் எழுதிய முதல் நிரல் அது. விழுந்தது கோடையில். இப்போது சோஃபியா நகரத்தில் எல்லார் மணிக்கட்டிலும், வசந்தத்தை வரவேற்று மார்ச் மாதத்தில் கட்டும் சிவப்பு வெள்ளை நூல். வலது கை இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்பதில்லை. பர்காஸ் ஊரில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பியிருந்தான்.

சின்ன நிரல்தான். கம்ப்யூட்டரை அடியிலிருந்து தாங்கும் கெர்னலின் ஒரு பகுதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை. கொஞ்சம் மெமரி கேட்கிறது. கிடைத்த இடத்தில் எழுதிப் பார்க்கிறது.

கேட்டபோதெல்லாம் மெமரி கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டால், இடத்தின் முகவரிக்குப் பதில் ஒரு பிழை எண் திரும்பி வரும். வந்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ராஹில் பார்க்கவில்லை.

பிழை எண்ணை முகவரி என்று நம்பி உள்ளே கையை விட்டால் கெர்னல் அங்கேயே படுத்துவிடும். பின்னால் வரிசையில் நிற்கும் சோதனைகளில் ஒன்றுகூட ஓடாது.

ஒருமுறை இதே தப்பை அவளிடம் கண்டுபிடித்துவிட்டு, அந்த வாரம் முழுக்க அவளை 'நம்பிக்கை நாயகி' என்று கூப்பிட்டவன் அவன்.

அலுவலகத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். 'அருமை. நீ திரும்பி வந்ததே சந்தோஷம்' என்று எழுதியிருந்தார்கள். அவளுடையது ஒன்றுதான் பாக்கி.

அந்த இருவரில் ஒருவனான தோப்ரின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா, பாதி கடித்தது.

"விட்டுடு ராலி. சரின்னு போட்டுடு. பிழையான்னு பார்க்கிற அந்த வரியை நானே சத்தமில்லாம சேர்த்துடறேன்."

"அப்போ பார்த்துட்டுத்தான் சரின்னு போட்டியா?"

"பார்த்துட்டுத்தான். ஸ்பூன் பிடிக்கவே மாசக்கணக்கா பழகியிருக்கான். அவன்கிட்ட போய் வரி வரியா நோண்டணுமா?"

அவளுக்கு அவனைப் பார்க்கப் பர்காஸ் போய்வந்தது ஞாபகம் வந்தது. ஸ்ட்ராஹில் ஒரு ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்திருந்தான். அவன் அக்கா அதைப் பிடுங்கி, உரித்து, சுளை சுளையாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுத் தின்றான்.

அவ்வளவு சாதுவான ஒரு நன்றியை அதுவரை அவன் வாயிலிருந்து ரலிட்சா கேட்டதில்லை.

'ஒரு சின்ன யோசனைதான், உனக்கு முடிந்தபோது' என்று தட்ட ஆரம்பித்தாள். அழித்தாள்.

மறுபடி எழுதினாள்.

'நம்பிக்கை நாயகரே, வந்தது மெமரியா பிழையா என்றுகூடப் பார்க்காமல் இப்படியா உள்ளே போவீர்கள்? கெர்னல் மல்லாக்க விழும். திருத்தி அனுப்பு. அதுவரை ஒப்புதல் கிடையாது.'

அனுப்பிய பிறகுதான் 'விழும்' என்ற சொல் கண்ணை உறுத்தியது.

தோப்ரின் திரையைப் பார்த்தான். மிச்சப் பனிட்சாவைக் காகிதத்தில் சுற்றினான்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. ஸ்ட்ராஹில்.

அவனுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. இடையில் எடுத்துக்கொடுக்காமல் இருக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ராலி... அந்த ரெண்டு பேரும்... சரின்னு போட்டுட்டாங்க."

"தெரியும்."

"காலையிலேருந்து... பயந்துபோய் உக்காந்திருந்தேன்."

"இதுக்கெல்லாமா பயப்படுவே? ஒரே ஒரு வரி. நீ மெதுவா..."

"அந்த வரி... இருந்துச்சு." மூச்சு வாங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை.

"முதல்லயே எழுதிட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி... நானே எடுத்தேன். யாராவது... பழையபடி திட்டறீங்களான்னு பார்க்க."